எண்பத்தெட்டுக் கட்டைகள்

இசைக்கருவிகளுள் பியானோவுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. கட்டையை அழுத்தியதும் உள்ளே கம்பளி போர்த்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டிவிட்டு அக்கணமே விலகிக்கொள்ளும். அதன்பின் அந்த ஒலி மங்கத்தான் செய்யும். வயலின்காரர் வில்லை இழுக்க இழுக்க ஒலி வளரும். நாகசுரக்காரர் மூச்சு உள்ளவரை ஒரே சுரத்தில் நிற்பார். வீணையிலும் மீட்டிய ஒலி மங்குகிறது என்றாலும், மங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒலியைக் கம்பியை இழுத்து வளைத்துக் கமகமாக்கிவிட இடது கைக்கு வழியுண்டு. பியானோ வாசிப்பவருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. தட்டியது தட்டியதுதான். கட்டையை விடாமல் பிடித்திருக்கலாம், காலால் மிதியை மிதித்து ஒலியைச் சற்று நீட்டலாம், கூட்ட முடியாது. மங்கிக்கொண்டே போகும் ஒலிகளை அடுத்தடுத்து வைத்து, கேட்பவர் காதில் இடையறாத பாட்டு என்னும் மயக்கத்தை உண்டாக்குவதே இந்தக் கலையின் முழு வித்தை. அதற்காகத்தான் ஒருவர் ஐந்து வயதில் அதன் முன் உட்கார்ந்து எழுபது வயதில் எழுந்திருக்கிறார்.

இதையெல்லாம் நான் எண்ண நேர்ந்தது ஒரு குடும்பச் சிக்கலால்.

தாம்பரத்தில் 31 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்துவிட்டு, மகனின் வேலையை முன்னிட்டுச் சிறுசேரிக்குக் குடிவந்தவன் நான். ஒரு காலத்தில் ஏரியும் பனையுமாய்க் கிடந்த ஊர் இது. இன்று சிப்காட் வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களும், அவற்றில் வேலை பார்ப்போருக்கான அடுக்குமாடி வீடுகளுமாய் நிமிர்ந்து நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பின் நடைபாதையில் நடந்தால் பல வீடுகளிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்கும். எல்லாரும் அநேகமாக ஒரே பாடத்தைத்தான் வாசிக்கிறார்கள்; லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குரிய பாடம் அது. பிள்ளைகள் ஒன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று ஏறுவார்கள். சான்றிதழ்கள் வரவேற்பறைச் சுவரை அலங்கரிக்கும். பத்தாம் வகுப்பு வந்ததும் கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இசை கற்றால் கணக்கு நன்றாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்த்தவர்கள், கணக்குப் பரீட்சை வந்ததும் நிறுத்துகிறார்கள்; அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

என் தங்கை மகளின் மகள் மட்டும் நிறுத்தவில்லை. பதினைந்து வயதில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். ஞாயிறு திருப்பலிக்கு எங்கள் பங்கின் பாடகர் குழுவுக்கு அவள்தான் வாசிக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு. முழுப் பியானோவுக்கு 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. இருப்பதைக் கொண்டு ஓரளவுக்குமேல் போக முடியாது என்று, கேளம்பாக்கம் - வண்டலூர்ச் சாலை வழியாகத் தாம்பரம் பக்கம் உள்ள ஓர் ஆசிரியை வீட்டுக்கு வாரம் இருமுறை பேருந்தில் போய்வருகிறாள். அங்கே சுவரோடு சேர்த்து வைக்கும் 'அப்ரைட்' வகைப் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. முதல் நாள் அதைத் தொட்டுவிட்டு வந்தவள் என்னிடம், "தாத்தா, கீபோர்டு நாம சொல்றதக் கேட்டுக்குது. அது திரும்பப் பதில் சொல்லுது" என்றாள். மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தித் தொட்டால் உரக்கவும் ஒலிப்பது அந்தக் கருவியின் சிறப்பு. 1700ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் பிளாரன்சு நகரில் கிறிஸ்டோபோரி என்பவர் அதைச் செய்தபோது, மெல்லவும் உரக்கவும் என்னும் பொருள்பட 'பியானோ எ போர்ட்டே' என்றே அதன் பெயர் வழங்கிற்று. பாதிப் பெயர்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது மேடைப் பியானோக் கலைஞராக வேண்டுமாம். அவளுடைய அப்பா, எனக்கு மாப்பிள்ளை முறை, இதற்கு ஒப்பவில்லை. சிப்காட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, தாயின் நகையை விற்றுப் பொறியியல் படித்து வந்தவர். "மாமா, நீங்க சொன்னா அவ கேப்பா" என்று என்னிடம் வந்தார். எதை நான் சொல்ல வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். லிடியன் நாதஸ்வரத்தின் பெயரையும் எடுத்தார். "அந்தப் பையன் மாதிரி ஆகிறதுன்னா சரி. கோடியில ஒருத்தர் அப்படி. இவ ஆவாளா?"

பிறகு, தாழ்ந்த குரலில் வேறொன்றும் சொன்னார். அவருடைய தந்தையார் அந்த ஊரில் உபதேசியார். நாற்பது ஆண்டுகள் கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவர். திருமணம், அடக்கம், சப்பரம், தபசுகால வெள்ளி என்று ஊரின் எந்த நிகழ்ச்சிக்கும் அவருடைய கட்டை இல்லாமல் ஆகாது. "சாகும்போது எங்கப்பாவுக்குன்னு சொந்தமா ஒரு ஆர்மோனியம்கூட இல்ல மாமா. அது கோவிலோடது. மறுநாளே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? சில நாள் பொறுத்துச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சில நாள்களில், பியானோவுக்கு வாழ்வைக் கொடுத்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தேன்.

பியானோ வெள்ளையரோடு சென்னைக்கு வந்தது. மவுண்ட் ரோட்டில் இன்றும் நடக்கும் 'மியூசி மியூசிகல்' கடையின் தொடக்கம் 1842. அன்று அதன் பெயர் மிஸ்கித் கம்பெனி. குளிர்நாட்டு மரத்தில் செய்த இந்தப் பெட்டிக்கு நம்முடைய கடற்காற்று ஆகாது. உள்ளே இருக்கும் இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள் எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கும் மேலான விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும், சுருதி நிலைகொள்ளாது. கம்பி துருவேறும். கம்பளியைப் பூச்சி தின்னும். சென்னைக்காரர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் கண்டார்கள். மழைக்காலத்தில் பியானோவின் அடிப்பகுதிக்குள் ஒரு சிறு மின்விளக்கை எரியவிட்டு ஈரம் அண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். தாம்பரத்து ஆசிரியை வீட்டுப் பியானோவுக்குள்ளும் அப்படி ஒரு விளக்கு எரிவதாகப் பேத்தி சொன்னாள். நற்கருணைப் பேழையின் பக்கத்தில் எரியும் விளக்கு அவளுக்கு நினைவுக்கு வந்ததாம். பிள்ளைகளின் மனம் போகும் போக்கு!

வெள்ளையர் போனபின் இந்தக் கருவியைச் சென்னையில் தக்கவைத்தவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் ஹேண்டல் மேனுவல். பெயரிலேயே ஓர் இசைமேதையைச் சுமந்தவர். சென்னை வானொலி நிலையத்தில் மேலைநாட்டு இசைப் பகுதியைக் கவனித்தார். எழும்பூரில் 'கிர்க்' என்று எல்லாரும் அழைக்கும் புனித அந்திரேயா கோவிலில் ஆர்கன் வாசித்தார். 1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தினார். அவருடைய பணி முழுவதையும் நோக்கினால் ஒன்று தெரிகிறது: தனியாக மேடையில் அமர்ந்து கைத்தட்டல் வாங்குவதற்குச் சென்னையில் அன்று இடம் இருக்கவில்லை. பிறர் பாடுவதற்குத் துணை நிற்பதிலும், பாடத் தெரியாதவர்களைப் பாட வைப்பதிலுமே அந்தக் கைகளுக்கு வேலை இருந்தது. இதே நகரத்தில்தான் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்பவர் தம் அறைக்கு வந்த இளைஞர்களுக்கு மேலைநாட்டு இசையைச் சொல்லிக்கொடுத்தார். அப்படி வந்தவர்களுள் ஒருவர் இளையராஜா. ஆசிரியரின் பெயரைத் தமிழ்நாடு அறிந்ததே மாணவரால்தான்.

நம் காலத்தில் சென்னையின் மேடைப் பியானோக் கலைஞர் என்றால் அனில் சீனிவாசனைச் சொல்ல வேண்டும். 1977இல் பிறந்தவர், மூன்று வயதிலேயே பியானோ முன் உட்கார வைக்கப்பட்டவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை சென்று படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். திரும்பியதே பெரிய துணிச்சல் எனலாம். சங்கீத சீசன் நடக்கும் ஊரில் பியானோக் கச்சேரிக்கு ஆள் ஏது? அவர் கர்நாடக இசைப் பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து மேடையேறினார். இதிலுள்ள இடர்ப்பாட்டை நம் வாசகர்கள் எளிதில் உணர்வார்கள். நம் இராகத்தின் உயிர் சுரங்களுக்கு இடையிலுள்ள நெளிவில் இருக்கிறது. பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையிலோ ஒன்றுமே இல்லை, வெறும் இடைவெளி. பைரவியைப் பியானோவில் வாசிப்பது படிக்கட்டில் ஆறு ஓடுவதைப் போன்றது.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்ததைக் கேட்டபோது எனக்குப் பட்டது இது: நெளிவைப் பியானோ போலிசெய்ய முயலவில்லை. அதைப் பாடகரின் குரலுக்கு விட்டுவிட்டது. தான் கீழே மெதுவாகச் சில சுரங்களைச் சேர்த்து ஒலித்து, குரல் நடப்பதற்குத் தரையை விரித்தது. பல இடங்களில் சும்மா இருந்தது. ஓர் ஒலி முழுவதும் மங்கி முடியும்வரை காத்திருந்தது. கருவியின் பிறவிக் குறையே அங்கே அழகாயிற்று. இப்படிச் சும்மா இருக்கக் கற்பதற்கு எத்தனை ஆண்டுகள் விரல் ஓடியிருக்க வேண்டும்! கூடவே அவர் 'ராப்சடி' என்னும் அமைப்பின் வழியாகப் பள்ளிகளுக்கு இசைக்கல்வியைக் கொண்டுசென்றார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது எட்டிற்று. மேனுவல் பாடகர் குழுவுக்குச் செய்ததை இவர் வகுப்பறைக்குச் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மாப்பிள்ளை சொன்ன லிடியனைப் பற்றியும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது பதின்மூன்று. ரிம்ஸ்கி கோர்சகோவ் இயற்றிய வண்டின் பறத்தலை நிமிடத்துக்கு 325 தட்டு என்னும் வேகத்தில் வாசித்துக் காட்டினார். உலகமே வாய்பிளந்தது. அந்தச் சிறுவருடைய உழைப்பையும் அருளையும் யார் மறுக்க முடியும்? ஆனால் அந்தப் போட்டி உலகுக்குக் காட்டியது வேகத்தை. வேகம் எண்ணிக்கையில் அடங்கும். தொலைக்காட்சிக்கு எண்ணிக்கை வேண்டும். அவர் பிற இடங்களில் நிதானமாக வாசிப்பதைக் கேட்டவர்களுக்குத்தான் அவரிடம் உள்ள இசை தெரியும். நம் சிறுசேரி வீடுகளிலோ அந்த 325 மட்டும் தங்கிவிட்டது. அப்படி ஆக முடியாவிட்டால் எதற்கு வாசிக்க வேண்டும் என்னும் கேள்வியும் கூடவே தங்கிவிட்டது.

சோறு போடுமா என்பது மாப்பிள்ளையின் அடிப்படைக் கேள்வி. அது கௌரவமான கேள்வி; இசையை விரும்புகிறவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது. செருமனியில் கிளாரா சூமன் என்றொருவர் இருந்தார். 1856இல் கணவர் ராபர்ட் சூமன் மனநோய் விடுதியில் இறந்தபோது அவர் கையில் ஏழு பிள்ளைகள். ஊர் ஊராகச் சென்று பியானோக் கச்சேரி செய்தே அத்தனை பேரையும் வளர்த்தார். நண்பர்கள் திரட்டிய உதவி நிதியைப் பெறவும் அவருக்கு மனம் வரவில்லை. 1878இல் பிராங்பர்ட்டில் இசைக்கல்லூரி ஆசிரியையானார். 1828இல் ஒன்பது வயதில் ஏறிய மேடையை விட்டு இறங்கியது 1891இல். இதைக் கேட்டால் மாப்பிள்ளை, "அந்தக் காலத்து ஐரோப்பா வேற மாமா" என்பார். உண்மைதான். சென்னையில் பியானோவை நம்பி வாழ்வோரில் பெரும்பாலோர் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கிறார்கள். மேடை எப்போதாவது வரும். வகுப்பு நாள்தோறும் வரும். அதை மறைத்துப் பேசுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் தீங்கு.

தனியொருவராக அமர்ந்து பியானோக் கச்சேரி செய்யும் வழக்கத்தை நிலைநாட்டியவர் பிரான்சு லிஸ்ட். அவரோ முப்பத்தைந்து வயதில், 1847இல், ஊர்சுற்றிப் பணம் வாங்கி வாசிப்பதையே நிறுத்திவிட்டார். 1865இல் உரோமையில் திருச்சபையின் சிறுபட்டங்களைப் பெற்றுக் கறுப்பு அங்கி அணிந்தார். கடைசிக் காலத்தில் உலகெங்கிலுமிருந்து தேடிவந்த மாணவர்களுக்கு ஒரு காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். மேடையின் உச்சியைக் கண்டவருக்கே அது போதவில்லை போலும்.

பிறகு எனக்கு எங்கள் பங்கில் பேத்தி வாசிக்கும் ஒரு மெட்டு நினைவுக்கு வந்தது. திருமணத் திருப்பலிகளில் மணப்பெண் நடந்து வரும்போது வாசிக்கப்படும் பாக் என்பவரின் மெட்டு அது. கேட்டால் நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று மூன்றாய் உருண்டு போகும் மணிகள், நடுவே நிதானமாக எழும் கீர்த்தனை. 1723இல் லைப்சிக்கில், மரியா எலிசபெத்தைச் சந்தித்த திருநாளுக்காகப் பாக் அமைத்த 147ஆம் கான்டாட்டாவின் பகுதி. குழுப்பாட்டாக இருந்த அதைப் பியானோவுக்கு மாற்றி எழுதியவர் மைரா ஹெஸ் என்னும் இங்கிலாந்துப் பெண்மணி, யூதக் குடும்பத்தவர்.

1939இல் போர் மூண்டதும் இலண்டனில் அரங்குகள் எல்லாம் மூடப்பட்டன. நேஷனல் கேலரியின் ஓவியங்கள் குண்டுக்குத் தப்ப அப்புறப்படுத்தப்பட்டன. வெறுஞ்சுவராய் நின்ற அந்தக் கட்டடத்தில் மதிய உணவு நேரத்தில் இசை நடத்த அனுமதி கேட்டார் ஹெஸ். அக்டோபர் மாதம் முதல் கச்சேரியை அவரே வாசித்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அலுவலகப் பணியாளரும் படைவீரரும் ரொட்டித்துண்டோடு வந்து அமர்ந்தார்கள். வார நாள்களில் தவறாமல், குண்டு விழுந்த நாள்களில் நிலவறைக்கு மாற்றியும், 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள் நடந்தன. தாம் வாசித்ததற்கு ஹெஸ் பணம் பெறவில்லை. அமெரிக்கப் பயணங்களைக் கைவிட்டு, தம் தொழில் வாழ்வின் நடுவயதை அந்த வெற்றுச்சுவர்களுக்குக் கொடுத்தார்.

அதே மெட்டு இன்னொருவரின் முடிவிலும் வருகிறது. ருமேனியாவின் தினு லிப்பாட்டி இரத்தம் சார்ந்த புற்றுநோயோடு 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசான்சோன் நகர மேடைக்கு வந்தார். மருத்துவர்கள் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற வேண்டும் என்றார். ஷோப்பானின் 14 வால்ட்ஸ்களை வாசிப்பதாக ஏற்பாடு. பதின்மூன்று வாசித்தார்; பதினான்காவதற்குக் கைகளில் வலுவில்லை. நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து, பாக்கின் இந்த மெட்டை வாசித்துவிட்டு எழுந்தார் என்று அங்கிருந்தோர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். டிசம்பர் 2ஆம் நாள் இறந்தார். வயது முப்பத்து மூன்று.

மூன்றாமவர் அமெரிக்கர் லியோன் பிளைஷர். பதினாறு வயதில் நியூயார்க் பில்ஹார்மானிக்கோடு மேடையேறியவர். முப்பத்தாறாம் வயதில், புகழின் நடுவே, வலக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்ளே மடங்கிக்கொள்ளத் தொடங்கின. மூளைக்கும் தசைக்கும் இடையிலான கோளாறு. ஓயாத பயிற்சியே இத்தகைய கோளாறை வரவழைக்கக்கூடும் என்பது கொடுமை. தற்கொலையையும் எண்ணியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். பிறகு சொல்லிக்கொடுக்கலானார், இசைக்குழு நடத்தினார், முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த ஒருவருக்காக ராவேல் எழுதிய இடக்கைப் படைப்பை வாசித்தார். இப்படி முப்பது ஆண்டுகள். 1990களில் புதிய மருந்தூசியால் வலக்கை ஓரளவு திறந்தது. 2004இல் 'இரு கைகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் இசைத்தட்டு வந்தது. அதன் முதல் பாட்டு, ஹெஸ் எழுதிய அதே பாக் மெட்டு. கடினமான பாட்டு அன்று. எங்கள் பேத்தி வாசிப்பதுதான். அதை அவர் வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் தான் திரும்பி வந்திருப்பதை மெதுவாகச் சோதித்துப் பார்ப்பது போல இருக்கும். 2020இல் தொண்ணூற்று இரண்டு வயதில் காலமாகும்வரை அவர் ஆசிரியராகவே இருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். நான் இந்தக் கதைகளில் பாதியைத்தான் சொன்னேன்; அவர் பொறுமையும் அவ்வளவுதான். பேத்தி மேடைக் கலைஞர் ஆவாளா என்று எனக்குத் தெரியாது என்றேன். ஆசிரியை ஆவாள், துணைவாசிப்பவர் ஆவாள், அதற்கான ஒழுங்கு அவளிடம் இருக்கிறது என்றேன். நாளைக்கு நான்கு மணி நேரம் யாரும் பார்க்காத அறையில் ஒரே பத்துச் சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க மனம் இருக்கிறவர்களுக்கே இந்தத் தொழில். அந்த மனம் அவளுக்கு இருக்கிறதா என்று அறிய 61 கட்டைப் பலகை உதவாது, உண்மையான கருவி வேண்டும், இரண்டு ஆண்டு அவகாசமும் வேண்டும் என்றேன். பதினோராம் வகுப்பில் அவள் விரும்பும் பாடத்தையே எடுக்கட்டும், பட்டப்படிப்பைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் முடிவு செய்யலாம் என்றும் சொன்னேன். பழையது வாங்கினாலும் லட்சக்கணக்கில் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

"ரெண்டு வருசம் கழிச்சு அவளுக்கே வேண்டாம்னு ஆயிட்டா?" என்றார்.

"அப்போது விற்றுவிடலாம். விலை குறைச்சலாகத்தான் போகும்."

"எனக்கு வேலை போயிட்டா? எங்க ஆபீசில போன மாசமும் ஆள் எடுத்தாங்க மாமா. வேலைய விட்டு எடுத்தாங்க."

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. பாதுகாப்பான வேலை என்று தாயின் நகையை விற்றுப் படித்து வந்து சேர்ந்த இடத்திலும் அவருக்குத் தூக்கம் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டுவிட்டேன்.

"உங்க அப்பாவோட அடக்கத்துக்கு ஆர்மோனியம் யார் வாசித்தார்கள், மாப்பிள்ளை?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "யாரும் வாசிக்கல. ஊர்ல அவருக்கு மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். வெறும் வாய்ப்பாட்டுத்தான்."

காப்பி ஆறிப்போயிருந்தது. என் மனைவி வேறு கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டு மாப்பிள்ளை கேட்டார்: "அந்தப் பெட்டி என்ன எடை இருக்கும் மாமா?"

இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்றேன்.

"எங்க வீடு ஒன்பதாவது மாடி. லிப்ட்ல ஏறுமா?"

என் மகனிடம் அளவு நாடா இருந்தது. அதை வாங்கிக்கொண்டு இருவரும் கீழே இறங்கினோம்.